ஹைலக்ஸ் ஓட்டுகிறவர்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், செம்பவாங்கில் வசிக்கிறேன். வயது 38. நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐ கார் வாங்கி, மலேசியாவின் ஜொகூர் செம்பனைத் தோட்டங்களில் நடக்கும் ரேலிகளில் ஓட்டுகிறோம். எங்களுக்கு மலேசிய ரேலி வீரர் கரம்ஜித் சிங்தான் எல்லாம். காடி (கார்), டிரெய்லர், அதை இழுக்கும் ஹைலக்ஸ் பிக்கப் மூன்றும் ஜேபியில் (ஜொகூர் பாருவில்) ஒரு வொர்க்‌ஷாப்பில் நிற்கின்றன. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய் இரவுவரை வேலை பார்க்கிறோம்.

இந்த வருடம் முதல் போட்டியில் மூன்றாவது கியர் போனது. இரண்டாவதில் கல் பட்டு ஆயில் பேன் உடைந்தது. மூன்றாவதற்குக் காடியை அருமையாகத் தயார் செய்தோம். போகும் வழியில் யோங் பெங் தாண்டி டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் எரிந்து, நேரத்துக்குப் பரிசோதனைக்குப் போக முடியாமல், போட்டியில் இறங்கவே இல்லை. எங்கள் துரதிர்ஷ்டம். ஸ்பான்சரும் இல்லை. கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ உரிமத்தின் விலை இப்படி இருந்தால் இங்கே இந்த விளையாட்டு எப்படி வளரும்? மனைவி செலவுக் கணக்குக் கேட்கிறார். விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

சித்தப்பாவைப் பற்றி ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அவர் போமன், கார்ப் பட்டறை மெக்கானிக். ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில் வேலை கற்று, பிறகு சின் மிங்கில் பல காலம் இருந்தார். 'பேரிங் எரிந்து' என்று படித்ததும் அவர் குரலில் ஒரு கெட்ட வார்த்தை காதில் விழுந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பான்சர் கிடைக்காது, மறந்துவிடுங்கள். சிஓஇ புலம்பல் 1990இலிருந்து இந்த ஊரில் எல்லாரும் பாடுகிற பாட்டு, நானும் பாடியிருக்கிறேன். மனைவி கணக்குக் கேட்பது நியாயம். கொடுத்துவிடுங்கள், குறைத்துச் சொல்லாமல்.

எனக்குக் கோபம் வந்தது 'எங்கள் துரதிர்ஷ்டம்' என்ற இடத்தில். தம்பி, தோட்டத்துப் பாதையில் கல் பட்டு ஆயில் பேன் உடைந்ததா, சரி, அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது கியருக்கும் ஏதாவது சமாதானம் இருக்கும். பேரிங் எரிந்தது துரதிர்ஷ்டம் இல்லை. யாரும் அதற்குக் கிரீஸ் வைக்கவில்லை, அவ்வளவுதான். பேரிங் சொல்லாமல் கொள்ளாமல் சாகாது. முதலில் சூடாகும், அப்புறம் முனகும், அப்புறம்தான் பிடித்துக்கொள்ளும். ஜேபியிலிருந்து யோங் பெங் போவதற்குள் எங்காவது நிறுத்தித் தேநீர் குடித்திருப்பீர்கள். காடியைக் கட்டியிருந்த பட்டைகளை இழுத்துப் பார்த்திருப்பீர்கள், சத்ரியாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று. டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் யாராவது கை வைத்தீர்களா? எல்லா ஹப்பும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் கிளம்பலாம். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

பள்ளி விடுமுறைகளில் சித்தப்பா எனக்கு இந்த வேலையைப் பழக்கினார். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் வைத்துத் தானாகக் காயவிட வேண்டும். கம்பிரசர் காற்றை அடித்து அதைச் சுழலவிட்டு வேடிக்கை பார்த்தால் தலையில் குட்டு விழும். பிறகு இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி கிரீஸ். பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் குத்திக் குத்தி அழுத்த வேண்டும், கிரீஸ் உருளைகளுக்கு நடுவே ஏறி மறுபக்கம் புழு மாதிரி நெளிந்து வெளியே வரும்வரை. வந்ததும் கொஞ்சம் திருப்பி, அடுத்த இடம். மேலாகப் பூசிவிட்டுக் கொடுத்தால் பார்த்த உடனே கண்டுபிடித்து, மறுபடி மண்ணெண்ணெயில் போட்டுவிடுவார். நட்டைப் போடும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, கடைசியாக விரலால் மட்டும் திருகி நிறுத்துவார். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழையதை நிமிர்த்திப் போட்டவனை அவர் அன்று முழுவதும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்.

1973இல் நின்றுபோன தாம்சன் சாலை கிராண்ட் பிரி கார் பந்தயத்தில் டயர் உருட்டிப் பழகியவர் அவர். அது நின்ற பிறகு ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) பந்தயக் காரை லாரியில் ஏற்றி மலேசியாவில் பத்து தீகா பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவார். தவுக்கே மறுநாள் காலை நன்றாகத் தூங்கி எழுந்து வருவார். சித்தப்பா இரவெல்லாம் லாரி ஓட்டி, விடியும்போது இறக்கி, பந்தயம் முடிந்து எல்லாரும் விருந்துக்குப் போனதும் காருக்குக் காவலாக லாரியின் முன்சீட்டில் படுத்துக்கொள்வார். கோப்பைகள் தவுக்கே வீட்டில். பந்தயத்தில் ஓட்டியவர் தவுக்கேதான், அதில் குறை சொல்ல முடியாது. சித்தப்பாவும் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுதாக என்னிடம் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு மட்டும் ஒரு பக்கம். சத்ரியாவின் 4ஜி93 இன்ஜினுக்கு அரைப் பக்கம், அதுவும் காதல் கடிதம். ஹைலக்ஸுக்கு ஒரே ஒரு வரி: 'அதுவும் பழசு, ஏற்றத்தில் சூடேறும்.' நால்வர் என்றீர்கள். ஓட்டுபவர் நீங்கள், கோ-டிரைவர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், மூவருக்கும் பெயர் இருக்கிறது. நான்காமவர் 'ஹைலக்ஸ் ஓட்ட ஒரு நண்பர்'. அவ்வளவா? நீங்கள் ஹெல்மெட் போட்டு உட்கார்வதற்கு முன்னாலும், நீங்கள் களைத்துத் தூங்கிய பின்னாலும் ஒரு டன் காரையும் டிரெய்லரையும் நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போகிற மனிதருக்குப் பெயர் இல்லையா?

சூடேறுகிற வண்டியை 'பழசு' என்று சொல்லி விட்டுவிடுவீர்களா? ரேடியேட்டரை எப்போது கழுவினீர்கள்? ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா? சத்ரியாவை டிரெய்லரில் எங்கே நிறுத்துகிறீர்கள்? மொத்த எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் உட்கார வேண்டும். காடி பின்தள்ளி நின்றால், கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பது அந்தப் பெயரில்லாத நண்பர்தான்.

ரேலியில் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போனால் பத்து விநாடி தண்டம். அந்தப் பத்து விநாடிக்குப் பயந்து சர்வீஸ் பார்க்கில் பேயாய் வேலை செய்கிறீர்கள். ஒரு முழுப் போட்டியை மட்டும் சாலையோரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

கரம்ஜித் 2002இல் புரோட்டான் பெர்ட்டில் உற்பத்திக் கார் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார், பக்கத்தில் ஆலன் ஓ. இருவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் இன்னொரு சிங், கென்யாவின் ஜோகிந்தர். 1965இல் தம்பி ஜஸ்வந்தோடு, ஏற்கெனவே அடிபட்ட ஒரு பழைய வோல்வோ பிவி544 காரில் சஃபாரி ரேலியை வென்றார். 1963இலும் 1968இலும் ஏழே கார்கள் முடித்த ரேலி அது. ஜோகிந்தர் கராஜில் கை கறுத்து வளர்ந்தவர். பின்னால் 1974இலும் 1976இலும் மிட்சுபிஷியில் மறுபடி வென்றார். அதிர்ஷ்டம் மூன்று முறை வராது.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் ஒன்று. பத்து வருடம் ஆனதும் காரைத் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஊர் நம்முடையது. இங்கே பழுது பார்க்கத் தெரிந்த கைகள் என் கண் முன்னால் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. நாலு பேர் சனிக்கிழமைதோறும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக் கூட்டத்தில் நின்று, பாலம் தாண்டிப் போய், நகக்கண்ணில் கிரீஸோடு ராத்திரி திரும்புகிறீர்கள். சித்தப்பா இருந்திருந்தால் உங்களைப் பார்க்க அந்த வொர்க்‌ஷாப்புக்கே வந்திருப்பார். முதலில் டிரெய்லரைப் பார்த்துவிட்டுத் திட்டியிருப்பார்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? அந்த நண்பரிடம் கேளுங்கள், என்னைவிட அவருக்குத்தான் தெரியும். அவர் தொடரலாம் என்றால், அடுத்த சனிக்கிழமை சத்ரியாவின் பானெட்டைத் திறக்காதீர்கள். டிரெய்லரை ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். எரிந்த பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். எல்லாச் சக்கரத்தையும் கழற்றுங்கள். போகும்போது உள் சீல்களும் வாங்கிக்கொள்ளுங்கள், பழையது கழற்றும்போதே கிழியும்.

அன்புடன்.