அப்டேட் செய்ததும் மெயில் கணக்குகள் காணோமா? புதுக் கணக்கு போடாதீர்கள்

கேள்வி: கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறேன். மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டின் பழைய வெர்ஷனுக்கு மேலேயே புது வெர்ஷனை இறக்கி இன்ஸ்டால் செய்தேன். திறந்தால் "புதுக் கணக்கு அமைக்கவும்" என்று கேட்கிறது. ஒரு ஜிமெயில், ஒரு அலுவலக முகவரி, இரண்டுமே பாப் முறை (மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்வது). ஆறு வருட மெயில் போய்விட்டதா? எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் திரையில் எதையும் நிரப்பாமல் கேன்சல் கொடுத்து தண்டர்பேர்டை மூடுங்கள். பாப் முறையில் பழைய மெயில் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கக்கூடும், சர்வரில் திரும்பக் கிடைக்காமல் போகலாம், அதனால் எதையும் அழிக்காமல் இருப்பதுதான் இப்போதைக்கு முதல் வேலை.

உங்கள் மெயில் அநேகமாக எங்கேயும் போகவில்லை. கணக்கு விவரம், பாஸ்வேர்டு, மெயில் எல்லாம் ப்ரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. மென்பொருள் இருக்கும் இடம் வேறு. 2019க்குப் பிறகு வந்த பதிப்புகளில், இன்ஸ்டால் ஆகும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ப்ரொஃபைல் என்று வைத்துவிட்டார்கள். பழையது 32 பிட், புதியது 64 பிட் என்றால் இரண்டும் வேறு வேறு ஃபோல்டரில் உட்காரும். மேலேயே போட்டதாக நாம் நினைப்போம், தண்டர்பேர்டுக்கோ அது புது வீடு, அதனால் காலி ப்ரொஃபைல் ஒன்றைத் தானே உருவாக்கித் திறந்துவிடும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, பார்த்துவிடலாம். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கிலத்தில், இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு (%appdata%) டைப் செய்தால் திறக்கும் ஃபோல்டரில் தண்டர்பேர்ட், அதற்குள் ப்ரொஃபைல்ஸ். அங்கே எட்டு எழுத்துக் குழப்பப் பெயரோடு இரண்டு மூன்று ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். ஒன்று சில எம்பி இருந்து இன்னொன்று பல ஜிபி இருந்தால், பெரியதுதான் உங்களுடையது. உறுதி செய்ய அதற்குள் மெயில் ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு கணக்குக்கும் சர்வர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்பாக்ஸ் என்று வால் (.txt போன்ற எக்ஸ்டென்ஷன்) இல்லாத ஒரு ஃபைல் இருக்கும். அந்தக் கணக்கின் இன்பாக்ஸுக்கு வந்த மெயில் அந்த ஒரே ஃபைலில், வெறும் எழுத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. மேற்கொண்டு எதையும் தொடும் முன் அந்தப் பெரிய ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அதே ரன் பெட்டியில் தண்டர்பேர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, ஹைஃபன், பெரிய எழுத்து P (thunderbird -P). ப்ரொஃபைல் தேர்வு செய்யும் சின்ன ஜன்னல் வரும். பெயரின் மேல் மவுஸை வைத்தால் அது எந்த ஃபோல்டர் என்று காட்டும். நீங்கள் கண்டுபிடித்ததைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். இனிமேல் கேட்காமல் இதையே திறக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். அந்த ஜன்னலில் டிலீட் என்றும் ஒரு பட்டன் இருக்கிறது. தயவு செய்து அதன் பக்கம் போகாதீர்கள்.

கணக்குகள் திரும்பி வந்தும் மெயில் இறங்கவில்லை என்றால் அது வேறு சிக்கல். கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு வெறும் பாஸ்வேர்டை இந்த மாதிரி மென்பொருள்களில் ஏற்பதை நிறுத்திவிட்டது. சர்வர் செட்டிங்கில் ஆதென்டிகேஷன் முறையை ஓஆத்2 (OAuth2, கூகுளின் சொந்தப் பக்கத்திலேயே லாகின் செய்யும் முறை) என்று மாற்றுங்கள், வெளியே அனுப்பும் சர்வருக்கும் தனியாக மாற்ற வேண்டும், பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அலுவலக முகவரி மட்டும் அடம்பிடித்தால் உங்கள் சர்வர் பழசாக இருக்கலாம்: 2020ல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், சர்வரோடு பேசும் இணைப்பைப் பூட்டிக் காக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் ஏற்பதில்லை. ஹோஸ்டிங் கொடுப்பவரிடம் டிஎல்எஸ் 1.2 உண்டா என்று கேளுங்கள்.