பிரசவ நோவில் கத்தினால் தாதிமார் ஏசுவார்களா?

ஆம், ஏசுவார்கள். எல்லோரும் இல்லை, எப்போதும் இல்லை. ஆனால் ஏசுவார்கள். "அப்படியெல்லாம் நடக்காது, தைரியமாகப் போங்கள்" என்று மற்றவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கேட்டவர் ஏழு மாதக் கர்ப்பிணி, முதல் பிள்ளை, அரச வைத்தியசாலையில்தான் பதிவு என்று எழுதியிருக்கிறார். கத்தினால் ஏச்சு விழும் என்று மாமியார் சொல்லிவைத்திருக்கிறாராம். சத்தம் போடாமல் பெறுவதற்கு வழி இருக்கிறதா என்று கேட்கிறார். தங்கச்சி, நீங்கள் இரவில் இதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்திருப்பீர்கள். நானும் செய்தேன். அதனால்தான் உங்கள் கேள்வி என்னை இப்படிச் சுட்டது.

எங்கள் வீட்டில் சத்தம் போடாமல் பிள்ளை பெறுவது ஒரு பெருமை. அம்மா அப்படித்தான் அண்ணனைப் பெற்றார். 1990இல் இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியபோது மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் பலரைப் போல எங்கள் குடும்பமும் ஊரை விட்டுக் காட்டுக்குள் இருந்தது. அங்கே ஓர் இரவு, வயதான ஒரு மருத்துவிச்சி பக்கத்தில் இருக்க, பழைய துவாயைக் கடித்துக்கொண்டு அம்மா பெற்றார். சத்தம் வெளியே போனால் அங்கிருந்த எல்லோருக்கும் ஆபத்து. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான், நல்ல பெண்கள் நோவில் வாய் திறக்க மாட்டார்கள் என்று எப்படியோ நம்பிவிட்டேன். அம்மா வாயை மூடியதற்குக் காரணம் காடும் துவக்கும். 2018இல் மின்விசிறியின் கீழ், வைத்தியர் பக்கத்தில் இருக்கக் கிடந்த எனக்கு அந்தக் காரணம் எதுவும் இல்லை. இது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

என் கதை ஆவணி மாதத்தில் தொடங்குகிறது. திருகோணமலையில் கச்சான் காற்று வீட்டுக்குள் வந்தும் உடம்பு எரியும் காலம். முப்பத்தேழாவது வாரத்தில் ஒரு நாள் வயிறு கல்லுப்போல இறுகி இறுகி விட்டது. பயந்துபோய் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனேன். எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுதப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். சோதித்துவிட்டு, இது பொய் நோ, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் அட்டையைத் திருப்பித் தந்த தாதி, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "முதல் பிள்ளைக்காரிகள் எல்லாம் இப்படித்தான், வயிறு இழுத்தால் ஓடி வந்துவிடுவீர்கள், எங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றார். அவர் அதை அன்றே மறந்திருப்பார். எனக்கு முகம் சுட்டது. இனி உண்மையான நோ வந்தால் ஒழிய இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று வாசலிலேயே முடிவெடுத்தேன்.

ஒரு கிழமை கழிந்தது. மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது காலில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. அதிகம் இல்லை. சிறுநீராக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவாடையை மாற்றினேன். ஒரு மணித்தியாலத்தில் அதுவும் நனைந்தது. பன்னீர்க்குடம் கசிந்தால் நோ இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டும் என்று எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, கை காட்டிக் காட்டிச் சொல்லித் தந்திருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போகவில்லை. "இதற்கும் ஓடி வந்துவிட்டாயா?" என்ற அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அம்மாவிடமும் சொல்லவில்லை. கணவருக்கும் அழைக்கவில்லை. துணியை மாற்றி மாற்றி இரவு முழுவதும் விழித்துக் கிடந்தேன்.

விடிய நாலு மணிக்கு நோ கண்டது. ஆறு மணிக்கு அனுமதித்தார்கள். தண்ணீர் எப்போது போனது என்று கேட்டபோது, "இப்போதுதான், விடிய" என்று பொய் சொன்னேன். அட்டையில் அப்படியே எழுதினார்கள். அந்த வரியை இன்று நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

பிரசவ அறையில் அன்று காலை ஐந்து பெண்கள் கிடந்தோம். பத்து மணிபோல என்னையறியாமல் கத்தினேன். அதற்கு ஒருவர் வந்து கேட்ட கேள்வியை நீங்களும் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள்: "பத்து மாதத்துக்கு முதல் இந்தச் சத்தம் எங்கே போனது?" பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, அவருக்கு நாலாவது பிள்ளை, என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவமானம் எனக்கு மட்டும் இல்லை, அந்த அறையில் கிடந்த ஐந்து பேருக்கும்தான். அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கத்தவும் இல்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை, குளிர்கிறது என்று சொல்லவும் இல்லை. உடம்பு குளிர்ந்து உதறியது. அது காய்ச்சலின் தொடக்கம்.

ஒரு மணிக்கு ஆள் மாறியது. வந்த மருத்துவிச்சி சிங்களப் பெண், நாற்பது வயது இருக்கும். அவருக்கு உடைந்த தமிழ், எனக்கு உடைந்த சிங்களம். என் நெற்றியில் புறங்கையை வைத்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "பய வென்ன எப்பா, நங்கி" என்றார். பயப்படாதே, தங்கச்சி. அடுத்த நோ வந்தபோது நான் உதட்டைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "சத்தம் போடு, பரவாயில்லை" என்றார். நான் கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கையை எடுக்கவில்லை. அந்த நோ இறங்கியபின், யாரும் கேட்காமலே என் வாயிலிருந்து வந்தது: தண்ணீர் விடிய போகவில்லை, நேற்று மத்தியானமே போய்விட்டது.

"ஈயே?" என்றார். நேற்றா? ஆம் என்று தலையாட்டினேன். ஏசவில்லை. ஓடினார். சில நிமிடங்களில் வைத்தியர் வந்தார், காய்ச்சல் அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், சேலைனோடு நுண்ணுயிர்க்கொல்லி ஏறத் தொடங்கியது. மாலை ஐந்து மணி கடந்து மகள் பிறந்தாள், 2 கிலோ 900 கிராம். மூச்சு வேகமாக வாங்கியது. என் நெஞ்சில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் பச்சிளம் குழந்தைகளுக்கான விசேட பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு ஓர் இளம் வைத்தியர் அமைதியாக விளங்கப்படுத்தினார். பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலத்துக்கு மேல் போனால் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடும். நேரம் சரியாகத் தெரிந்திருந்தால் வந்தவுடனேயே மருந்து தொடங்கியிருப்போம் என்றார். வந்த நேரத்திலேயே பதினேழரை மணித்தியாலம் கடந்திருந்தது. மகள் பிறக்கும்போது அது இருபத்தெட்டுக்கு மேல் போய்விட்டது. என் ஒரு பொய்க்கு என் மகள் ஐந்து நாள் கையில் ஊசிக்குழாயோடு கிடந்தாள். தையல் போட்ட உடம்போடு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து சிறு கோப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், இருந்தாலும் இதை எழுதாமல் விட முடியாது. அந்த ஐந்து நாளும் என் கணவர் எங்கே? நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. ஆவணி மாதம் வெளிநாட்டுக்காரர் வரும் காலம். பிள்ளை பிறந்த அன்று ஒரு நாள் விட்டார்கள், அதற்கும் சம்பளம் வெட்டினார்கள். அரச ஊழியராக இருந்தால் தந்தைக்கு மூன்று நாள் விடுமுறை உண்டு. தனியாரில் வேலை செய்கிறவருக்கு அப்போது சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. வேலை முடிந்து அவர் வரும்போது பார்வையாளர் நேரம் முடிந்திருக்கும். கேற்றில் நின்று சாப்பாட்டுப் பையைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போவார். மகளைக் கையில் தூக்கியது ஆறாம் நாள், நாங்கள் வீட்டுக்கு வரும்போது. தந்தைமார் பிள்ளைகளோடு ஒட்டுவதில்லை என்று பேசுகிறவர்கள் அந்தக் கேற்றில் ஒரு மாலை நின்று பார்க்க வேண்டும்.

இனி என்னை ஏசப் போகிறவர்களுக்கு. அரச வைத்தியசாலையைக் குறை சொல்கிறாள் என்று வர வேண்டாம். மகளுக்கு மருந்து, பிராணவாயு, இரத்தப் பரிசோதனை, எனக்குக் கட்டில், சாப்பாடு, எதற்கும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை துறையில் படகுக்குக் காத்திருந்த கர்ப்பிணிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான், வைத்தியசாலையின் அருமை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. என் கதையைக் காட்டி யாரும் வீட்டில் பெறலாம் என்று எழுத வேண்டாம். தனியாருக்குப் போயிருக்கலாமே என்பவர்களுக்கு: எங்களிடம் அந்தப் பணம் இல்லை, அவ்வளவுதான். தாதிமாரின் வேலைப்பளு தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: தெரியும். என் பெரியம்மாவின் மகள் தாதி, இரவு வேலை முடிந்து வந்து வீங்கிய காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்று மத்தியானம் வந்த மருத்துவிச்சிக்கும் அதே ஐந்து கட்டில்கள்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கதையைக் கேட்கும் பலர் ஏசியவர் சிங்களவர் என்று முதலே முடிவுகட்டிவிடுகிறார்கள். என்னை ஏசிய இரண்டு பேரும் தமிழர்.

ஏச்சு வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. ஏச்சுக்குப் பயந்த பெண் வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல மாட்டாள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் மரியாதையான பராமரிப்பும், நோவில் இருக்கும் பெண் விரும்பும் ஒருவர் துணைக்கு இருப்பதும் இடம்பெற்றிருக்கின்றன. படுத்தே கிடக்க வேண்டியதில்லை, நிற்கலாம், நடக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. சில வைத்தியசாலைகளில் ஒரு பெண் துணையை உள்ளே விடுகிறார்கள். உங்கள் கிளினிக்கில் இப்போதே கேட்டுவையுங்கள், கடைசி நாளில் கேட்க நேரம் இருக்காது.

ஆகவே சத்தம் போடாமல் பெறும் வழியைத் தேடாதீர்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டால் நோவைத் தாங்க உதவும், அதைப் பழகுங்கள். அதற்கு மேல் சத்தம் வந்தால் வரட்டும். ஏசினால் ஏசட்டும், அந்த ஏச்சு உங்கள் பிள்ளையைத் தொடாது. ஆனால் தண்ணீர் கசிந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், கடுமையான தலையிடியோடு கண் மங்கினால், காய்ச்சல் வந்தால், உடனே போங்கள். போன கிழமைதான் வந்தாய் என்று சொன்னால், ஆம், மறுபடி வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டாவது பிள்ளைக்கு நான் பொய் நோவோடு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை ஒருவர் முகத்தைச் சுளித்தார். நான் வாங்கில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன்.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் பையில் பிள்ளைத் துணி, சோட்டி, கர்ப்பிணி அட்டை எல்லாம் வைப்பீர்கள். ஒரு பேனாவும் வையுங்கள். தண்ணீர் போன நேரத்தை உடனே உள்ளங்கையில் எழுதுங்கள், அதன் நிறத்தையும் எழுதுங்கள், யார் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுங்கள். எனக்கு அது மத்தியானம் 12.30, நிறம் இல்லை, சோறு அப்போதுதான் வெந்திருந்தது.