கருப்பட்டியும் தராசும்: இந்த மாதக் கடிதங்கள்

போன மாதம் வந்த கடிதங்களில் பாதி மீனைப் பற்றி, பாதி சர்க்கரையைப் பற்றி. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினாலே இப்படித்தான், மீன் இல்லாத வீட்டில் கேள்வி பெருகும். வழக்கமான வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன்: அளவு எழுதுங்கள், நேரம் எழுதுங்கள். ‘கொஞ்சம் போட்டேன்’, ‘ரொம்ப நேரம் வைத்தேன்’ என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது.

கேள்வி: தடைக்காலம் 61 நாளும் நல்ல மீனே கிடைக்காதா? (பரமக்குடி)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது. நகரை, காரல், சூடை, நண்டு, கணவாய் எல்லாம் வரும், விலை மட்டும் கண்ணைக் கட்டும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நின்றால் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததைத் தருவார்கள். அங்கே தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. அது தப்பில்லை. ஆனால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அடுத்த கடைக்குப் போங்கள். இரண்டு மாதம் காரல் சொதி சாப்பிட்டு யாரும் இளைத்துப் போனதில்லை.

கேள்வி: தேங்காய் அரைக்கும்போது மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது. புதிது வாங்க வேண்டுமா? (உச்சிப்புளி)

கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பு பட்டன் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்துங்கள். அடுத்த தடவை ஒரு முழுத் தேங்காயை ஒரே ஜாரில் திணிக்காதீர்கள்.

கேள்வி: சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிப்பு. நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட்டோம். எனக்கு மீன் அலர்ஜியா? (ராமநாதபுரம்)

மீன் வாங்கியது எத்தனை மணிக்கு, சட்டியில் விழுந்தது எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. பதில் அங்கேதான் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். மீன் நாறிக்கூட இருக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, பொரித்தாலும் போகாது, பிறகு ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. ஆகவே ‘நன்றாகக் கொதிக்க வைத்தோம்’ என்பது இங்கே உதவாது.

உங்களோடு சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அப்படி ஆனதா? ஆனது என்றால் அனேகமாக மீன் கெட்டதுதான் காரணம். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மட்டும் வருகிறது என்றால் அலர்ஜியாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. சூரை வாங்கும் நாளில் ஒரு பையில் ஐஸ் கேட்டு வாங்குங்கள். துணிக்கடை, நகைக்கடை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் மீன் வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு ஊர் சுற்றாதீர்கள்.

கேள்வி: ஏர் ஃபிரையரில் நெத்திலி வறுக்கலாமா? எண்ணெயே வேண்டாமாமே? (சென்னையில் வாழும் மண்டபத்துக்காரர்)

அது வறுக்கும் சட்டி இல்லை, காற்றாடி வைத்த சின்ன ஓவன். மீன் துண்டு, உருளைக்கிழங்கு சரியாக வரும். நெத்திலி காய்ந்து கருவாடாகிவிடும். அப்படியும் செய்வேன் என்றால் மசாலாவில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் பிசறி, ஒரே அடுக்காகப் பரப்பி, எட்டாவது நிமிடத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். 1,400 வாட் மெஷின் 20 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட். எண்ணெயில் மிச்சம் பிடித்ததை மின்வாரியத்தில் கட்டுவீர்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறிவிட்டேன். இருந்தும் சர்க்கரை குறையவில்லை. நல்ல கருப்பட்டி எங்கே கிடைக்கும்? (சாயல்குடி அருகில்)

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. நானும் மாதம் தவறாமல் அதே பதிலைத்தான் எழுதுகிறேன். இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன், கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி சர்க்கரைதான். பனையிலிருந்து வந்த சர்க்கரை. சீனியில் எந்தச் சர்க்கரையோ, பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான் இதிலும். பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு அதுதான், மிச்சம் ஈரமும் கொஞ்சம் தாது உப்பும். அந்தத் தாது உப்புக்காகக் கருப்பட்டி தின்பது, வாளிக்காகக் கிணறு வாங்குவது மாதிரி. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போடுங்கள், அதைவிட அதிகம் கிடைக்கும்.

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே கதை. ‘சீனி தொடுறதே இல்லை, சின்னத் துண்டு கருப்பட்டிதான்’ என்பார். ஒரு நாள் அந்தச் சின்னத் துண்டை வாங்கி என் சமையலறைத் தராசில் வைத்தேன். 24 கிராம். முன்பு அவர் காபியில் போட்டது இரண்டு ஸ்பூன் சீனி, 10 கிராம். கருப்பட்டியில் இனிப்பு அவ்வளவு தூக்கலாகத் தெரியாததால் துண்டு பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டரை வேறு மாற்றியிருந்தார்.

நீங்கள் எத்தனை துண்டு, எத்தனை வேளை என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. நான் கருப்பட்டிக்கு எதிரி இல்லை. பனையேறியின் உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி, பாளையைச் சீவி, ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறி இறங்கிக் கொண்டுவந்த பதநீர் அது. தோட்டத்து அடுப்பில் பனைமட்டையை எரித்து, பாகு பொங்காமல் துடுப்பால் துழாவிக்கொண்டே இருந்து, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். உங்கள் ஊரில் பதநீர் லிட்டர் என்ன விலை? அதைப் பத்தால் பெருக்குங்கள். விறகு, கூலி சேருங்கள். அதில் பாதி விலைக்கு ‘சுத்தமான கருப்பட்டி’ என்று ஒருவர் விற்கிறார் என்றால் உள்ளே இருப்பது சீனிப்பாகு. போன வருடம் நானே ஏமாந்தேன். பெரிய கடை, அழகான ஓலைப்பெட்டி. வீட்டில் வந்து கரைத்தால் கரும்பு வாசம்! அடியில் மண்ணுகூட இல்லை. நல்ல கருப்பட்டியைக் கரைத்தால் கொஞ்சமாவது மண்டி தங்கும், வடிகட்டாமல் யாரும் பயன்படுத்த மாட்டோம்.

ஆகச் சீனி கலந்த கருப்பட்டியை, சீனிக்குப் பயந்து, சீனியைவிட நாலு மடங்கு விலை கொடுத்து, இரண்டு மடங்கு அளவில் சாப்பிடுகிறார்கள். பனையேறிக்கும் லாபமில்லை, நோயாளிக்கும் லாபமில்லை.

நல்ல கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். சாயல்குடிப் பக்கம் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! சீசனில் ஒரு நாள் பனங்காட்டுக்கு நடந்து போய், காய்ச்சுகிறவரிடமே கேளுங்கள். வீட்டில் சர்க்கரை இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாம். காபியைச் சும்மா குடித்துப் பழகுங்கள், மூன்று வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும். தேன், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு என்று அடுத்த கடிதத்தில் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பிரஷருக்கு இந்துப்பு நல்லதா? (தொண்டி)

இல்லை. அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. போதாக்குறைக்குப் பெரும்பாலும் அயோடினும் இருக்காது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நானே சொல்கிறேன், குறைத்துத்தான் போடுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிரஷருக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கேள்வி: குண்டு மிளகாய் வத்தல் டப்பாவில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கழுவிக் காயவைத்து அரைத்துவிடலாமா? (கமுதி)

கொட்டிவிடுங்கள். சில பூஞ்சைகள் விடும் நச்சு கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. மனசு கேட்காதுதான், எனக்கும் தெரியும். நம் குண்டு மிளகாய்க்கு, அதாவது ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விலையும் கௌரவமும் கூடிவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீள மிளகாயைவிடக் குண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. மேலே சருகாகக் காய்ந்த மாதிரி இருக்கும், காம்படியில் ஈரம் நிற்கும். காதருகே குலுக்கிப் பாருங்கள், விதை கலகலவென்று ஓட வேண்டும். ஒன்றை உடைத்தால் ‘பட்’டென்று உடைய வேண்டும், மடங்கக் கூடாது. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள், ஆறட்டும். அப்புறம், ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். மிளகாய்த்தூளாக இருந்தாலும் கருவாடாக இருந்தாலும் ஊறுகாயாக இருந்தாலும் ஈரக்கைதான் முதல் எதிரி.

கேள்வி: மண்சட்டியை என்ன செய்தாலும் விரிசல் விடுகிறது. மூன்றாவது சட்டி இது. (ஏர்வாடி)

‘என்ன செய்தாலும்’ என்றால் என்ன செய்தீர்கள்? ஊகித்துச் சொல்கிறேன்: சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அல்லது வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைக்கிறீர்கள். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அரிசிக் கஞ்சி ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த நாள் குழம்பில் கக்கும். தேங்காய் நாரும் அரிசி கழுவிய தண்ணீரும் போதும்.

கேள்வி: நான்-ஸ்டிக் தோசைக்கல் விஷமா?

ஊர் பெயர்கூட எழுதவில்லை. சாதாரணத் தோசைச் சூட்டில் பயமில்லை. வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைந்து புகை விடும், கூண்டில் கிளி வளர்த்தால் கிளி செத்தே போகலாம். பூச்சு உரிந்திருந்தால் மாற்றுங்கள். என் வீட்டில் இரும்புக் கல்தான், அதன் வயது என் கல்யாணத்தின் வயது.

கேள்வி: துபாயில் இருக்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. அம்மா சொன்னபடியே தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டும் அல்வா மாதிரி இனிப்பு) கிண்டினேன். ஒன்றரை மணி நேரம் கிண்டியும் எண்ணெய் பிரியவே இல்லை, கையோடு ஒட்டுகிறது. எங்கே தப்பு?

கடிதத்தின் மூன்றாவது வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தம்பி: ‘லைட் தேங்காய்ப்பால் டின்’. கொழுப்பை எடுத்துவிட்ட பாலில் எண்ணெய் எங்கிருந்து பிரியும்? தொதலில் நாம் தனியாக எண்ணெய் ஊற்றுவதில்லை, பாலில் இருக்கிற எண்ணெய்தான் கடைசியில் வெளியே வந்து சட்டியிலிருந்து மாவை விடுவிக்கிறது. கெட்டிப்பால் டின் வாங்குங்கள், அல்லது தேங்காய் துருவி முதல் பால் எடுங்கள். இரண்டாம் பாலில் மாவையும் கருப்பட்டியையும் கரைத்து ஆரம்பித்து, முதல் பாலைப் பிறகு சேருங்கள். ஒன்றரை மணி நேரமும் பற்றாது. உங்கள் அம்மா ‘ஒன்றரை மணி’ என்று சொல்லியிருக்க மாட்டார், ‘எண்ணெய் கக்குற வரைக்கும்’ என்றுதான் சொல்லியிருப்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கை வலித்தால் வீட்டில் இன்னொருவரைத் துடுப்புப் பிடிக்கச் சொல்லுங்கள், தீயைக் கூட்டாதீர்கள், அடி பிடித்துவிடும்.