ஸ்பானிய மொழியில் பணி ஓய்வை ஏன் 'ஹுபிலாசியோன்' என்கிறார்கள்?

இதன் வேர் லத்தீனின் 'யூபிலாரே'. மகிழ்ச்சியில் ஆரவாரம் செய்வது என்று பொருள். இதோடு 'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லும் கலந்துவிட்டது. யோபேல் என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. 50ஆம் ஆண்டில் எக்காளம் ஊதி, அடிமைகளை விடுவித்து, விற்ற நிலத்தைப் பழைய குடும்பத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்கிறது விவிலியத்தின் லேவியராகமம். நாம் சொல்லும் 'ஜூபிலி'யும் இதே கொம்பிலிருந்து வந்ததுதான். உழைத்தவருக்கு விடுதலை என்ற எண்ணம் ஒரு சொல்லுக்குள்ளேயே இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரெஞ்சில் 'ரெத்ரெத்', அதாவது பின்வாங்குதல். படை பின்வாங்குவதற்கும் அதே சொல்தான். ஜெர்மனில் 'ரூஹெஷ்டாண்ட்', ஓய்வு நிலை. போலிஷ் மொழியின் 'எமெரிதூரா' ரோமானியப் படையிலிருந்து வருகிறது. பணிக்காலத்தை முழுதாக முடித்து விடுபட்ட வீரரை அங்கே 'எமெரிதுஸ்' என்றார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்குத் தரும் 'எமெரிட்டஸ்' பட்டமும் அதுவே.

பல மொழிகளுக்குப் பொதுவான 'பென்ஷன்' லத்தீனின் 'பெண்டெரே'யிலிருந்து பிறந்தது. எடைபோடுவது என்று பொருள். உலோகத்தை நிறுத்துப் பணமாகக் கொடுத்த காலத்தில், நிறுப்பதும் கொடுப்பதும் ஒரே சொல்லாகிவிட்டன. ஃபின்னிஷ் மொழி போவது தனிவழி: ஓய்வூதியத்துக்கு அங்கே 'எலாகெ' என்று பெயர், 'வாழ்வது' என்ற வினையிலிருந்து வந்தது.