எச்பிவி பாசிட்டிவ்: கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: வயது 41, இரண்டு பிள்ளைகள். முகாமில் எடுத்த எச்பிவி டெஸ்ட் பாசிட்டிவ். உடலுறவில் வரும் தொற்று என்கிறார்கள், வீட்டில் ஒரே சண்டை. ஒரு மருத்துவமனையில், "கர்ப்பப்பை வாயில் புண் இருக்கு, விட்டால் கேன்சராகிடும்" என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்தத் தேதியை ரத்து செய்யுங்கள்.

எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். உடலுறவு வழியாகப் பரவுவதுதான். ஆனால் பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் தங்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. அதை வைத்துக் கணவரும் உங்களைக் கேட்க முடியாது, நீங்களும் அவரைக் கேட்க முடியாது.

பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே இந்தக் கிருமியை விரட்டிவிடும். விலகாமல் தங்கினால்தான் கவலை. அப்போதும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்பிவியில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று இருக்கிறதா, பாருங்கள்.

அடுத்து அந்தப் 'புண்'. பல பெண்களுக்கு அது கர்ப்பப்பை வாயின் உள்பக்கத் தோல் வெளியே சிவப்பாகத் தெரிவதுதான். புற்றுநோயும் இல்லை, அதற்கு முன்னோட்டமும் இல்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே எத்தனை கர்ப்பப்பைகளை எடுத்திருக்கிறார்கள்! காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று விசாரித்து, "கைக்காசு ஒரு பைசா வேண்டாம்" என்று அழைத்துப்போகும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உள்ளே நிஜமாகவே புற்றுநோய் ஒளிந்திருந்தால், சோதிக்காமல் செய்யும் சாதாரண ஆபரேஷன் போதாது. பின்னால் வைத்தியமே சிக்கலாகும்.

உங்களுக்கு இப்போது வேண்டியது கால்போஸ்கோபி. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஒரு துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்க்கு முந்தைய முற்றிய மாற்றம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுட்டோ வெட்டியோ எடுத்தால் பெரும்பாலும் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முகாம் நடத்துகிறவர்கள் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று கணக்கு எழுதுகிறார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த சோதனைக்குப் போனார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பேப்பரைக் கையில் திணித்து அனுப்பினால் வேலை முடிந்ததா?

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல்: இதில் எது இருந்தாலும் மேலே சொன்ன 15 வருடக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஒருமுறை வந்து நின்றுபோனாலும் சரி, கொஞ்சம்தான் என்றாலும் சரி, டெஸ்ட் நெகட்டிவ் என்றிருந்தாலும் சரி, அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் போய்க் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தால் வாங்கிக்கொண்டு எழுந்து வராதீர்கள்.

தடுப்பூசி போட்டால் சரியாகிவிடும் என்றும் யாராவது விற்க வருவார்கள். ஏற்கெனவே இருக்கும் தொற்றை அது போக்காது. 9 முதல் 14 வயதில் மகள் இருந்தால் அவளுக்குப் போடுங்கள்.