லேப்டாப் அப்டேட் மணிக்கணக்கில் ஓடுவதற்கு மாற்று சார்ஜர் காரணமாக இருக்க முடியுமா?

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் வீடு, குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஐந்து வருடப் பழைய லேப்டாப், விண்டோஸ் 11. அப்டேட் வந்தால் காலையில் ஆரம்பித்து மாலைவரை ஓடுகிறது. பழைய சார்ஜர் போய்விட்டது. நடுவில் ஊசி உள்ள உருண்டை பின். கடையில் அதற்குப் பொருந்திய ஒரு சார்ஜரை வாங்கினேன். அதற்குப் பிறகு இன்னும் மோசம், பேட்டரியும் ஏறவில்லை. ஏன் கம்பெனிக்கு ஒரு பின் வைக்கிறார்கள்? என்ன செய்யலாம்?

பதில்:

முடியும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவதே அந்தச் சார்ஜரைத்தான். இரண்டு தொல்லைகளைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்று.

அடுத்த முறை அப்டேட் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு (லேப்டாப்பின் மூளையான பிராசசர்) என்பதைத் தொட்டால் 'ஸ்பீட்' என்று ஒரு எண் தெரியும். வேலை ஓடும்போது அது 2, 3 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறி இறங்க வேண்டும். என்ன செய்தாலும் 0.4 முதல் 0.8க்குள்ளேயே நின்றால், சிபியுவின் கழுத்தை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டும்போது அதே எண் ஏறினால் சந்தேகமே வேண்டாம், கோளாறு சார்ஜர் பக்கம்தான். சிபியு சரியாக ஓடி, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் அது வேறு கதை. அதைப் பின்னால் பார்க்கலாம்.

சார்ஜர் எப்படிச் சிபியுவைப் பிடிக்கிறது? உருண்டை பின்னின் வெளிச்சுற்றும் உள்சுற்றும் கரண்டைக் கொண்டுபோகின்றன. நடுவிலிருக்கும் மெல்லிய ஊசிக்குக் கரண்டில் பங்கில்லை. அது அடையாளம் சொல்ல. டெல் அடாப்டருக்குள் ஒரு குட்டிச் சிப் உட்கார்ந்து, அந்த ஊசி வழியாக "நான் இத்தனை வாட்" என்று மதர்போர்டுக்கு (லேப்டாப்பின் முதன்மைப் பலகைக்கு) சொல்கிறது. பதில் வராவிட்டால் மதர்போர்டு இரண்டு காரியம் செய்யும்: பேட்டரியை ஏற்றாது, சிபியு வேகத்தையும் இறக்கிவிடும். லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் யாருக்கும் சார்ஜர்மேல் சந்தேகம் வருவதில்லை, பழி முழுக்க விண்டோஸ் தலையில் விழுகிறது. விண்டோஸ் அப்டேட்டில் பாதி வேலை சுருக்கி வைத்த ஃபைல்களை விரிப்பது; அது முழுக்கச் சிபியு வேலை. 0.4 கிகாஹெர்ட்ஸில் அதைச் செய்தால் பொழுது சாயத்தான் செய்யும்.

உங்களுடையது எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. நடுவில் ஊசி உள்ள பின் டெல், ஹெச்பி இரண்டிலும் உண்டு. பழைய பெரிய பின் 7.4 மி.மீ., புதிய சின்ன பின் 4.5 மி.மீ. வெளிவிட்டம். சின்ன பின்னில்தான் வம்பு: ஹெச்பியின் நீல முனைச் சார்ஜர் டெல்லில் போய் உட்காரும், டெல்லுடையது ஹெச்பியிலும் உட்காரும். இரண்டும் 19.5 வோல்ட்தான். ஆனால் ஊசி பேசும் பாஷை வேறு. கடைக்காரர் "பொருந்துது பாருங்க" என்று காட்டுவது உண்மைதான். பொருந்துவது பின் மட்டும். பத்து முனை மாற்றிப் போடும் 'யுனிவர்சல்' அடாப்டர்களில் பலவற்றில் அடையாளம் சொல்ல எதுவுமே இருக்காது. லெனோவோவின் மஞ்சள் நிறச் செவ்வகப் பின்னில் இதே வேலையை ஒரு சாதாரண ரெசிஸ்டர் செய்கிறது, 20 வோல்ட்.

உறுதிப்படுத்துவது சுலபம். லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்தவுடன் டெல்லில் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புத் திரை) திறக்கும். பேட்டரி விவரம் இருக்கும் பக்கத்தில் அடாப்டர் '65 வாட்' என்று தெளிவாக வந்தால் அடையாளம் சரி. 'அன்நோன்' என்றோ 'நாட் இன்ஸ்டால்டு' என்றோ வந்தால் சரியில்லை. மற்ற கம்பெனிகளில் பயாஸ் விசையும் பக்கமும் வேறு, ஹெச்பியில் எஃப்10. அதே பயாஸில் டெல்லுக்கு 'அடாப்டர் வார்னிங்ஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. சில சர்வீஸ் கடைகளில் அதை அணைத்துக் கொடுத்து, சரிசெய்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். எச்சரிக்கை வாசகம் மட்டும் மறையும். வேகம் அப்படியேதான் இருக்கும்.

அசல் சார்ஜரிலும் 'அன்நோன்' வரலாம். ஊசிக்குப் போகும் கம்பி மற்ற இரண்டையும்விட மெல்லியது. பின் அருகே கேபிள் மடங்கும் இடத்தில் முதலில் அறுந்துபோவது அதுதான். எனவே காசு செலவழிக்குமுன், அதே கம்பெனி, அதே பின், அதே வாட் சார்ஜரை யாரிடமாவது ஐந்து நிமிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பயாஸ் வாட்டைக் காட்டினால் உங்கள் சார்ஜர்தான் போயிருக்கிறது. காட்டாவிட்டால் கோளாறு லேப்டாப் பக்கத்து டிசி ஜாக்கில், அதாவது சார்ஜர் பின் சொருகும் துளையில். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஊசி போகும் நடுத் துளை விரிந்தோ, உடைந்த துண்டு அடைத்தோ இருக்கலாம். பல மாடல்களில் ஜாக் ஒரு சின்ன ஒயரோடு மதர்போர்டில் சொருகியிருக்கும். கழற்றி வேறு போட அரை மணி நேரம் போதும். மதர்போர்டிலேயே பற்றவைத்த மாடல் என்றால் சாலிடரிங் தெரிந்தவர் வேண்டும். 'மதர்போர்டே போச்சு' என்று யார் சொன்னாலும், ஜாக்கை மாற்றிப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் 'பிடி ப்ரோக்ஹாட்' (சிபியு வேகத்தை இறக்கச் சொல்லும் சைகை) என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் வேகம் திரும்பும் என்று யாராவது சொல்வார்கள். பல மாடல்களில் திரும்பும், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி அப்போதும் ஏறாது. 45 வாட் சார்ஜரில் 65 வாட் லேப்டாப்பை முழு வேகத்தில் ஓட்டினால் அடாப்டர் கொதிக்கும். அவசரத்துக்கு மட்டும்.

புதுச் சார்ஜர் வாங்கும்போது லேப்டாப்பின் அடிப்பக்கத்து லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டெல் 65 வாட் என்றால் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், லெனோவோ 65 வாட் என்றால் 20 வோல்ட், 3.25 ஆம்பியர். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. அடாப்டர்மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பேரில் பதிவு என்று காட்டும். குமுளியோ கம்பமோ, எங்கே வாங்கினாலும் சரி. கடையை விட்டு இறங்குமுன் அங்கேயே சொருகி, பயாஸில் வாட்டைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

உங்கள் லேப்டாப்பில் டைப்-சி துளை இருந்து, அதன் அருகே பிளக் அல்லது மின்னல் அடையாளம் இருந்தால் அதிலும் சார்ஜ் ஏற வாய்ப்பு உண்டு; மாடல் விவரத்தில் 'பவர் டெலிவரி' என்று இருந்தால் உறுதி. 65 வாட் 'பவர் டெலிவரி' (பிடி) சார்ஜரும், இருமுனையும் டைப்-சி உள்ள கேபிளும் வாங்கினால் உருண்டை பின்னையே மறந்துவிடலாம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் இ-மார்க் கேபிள் (தன் திறனைச் சொல்லும் சிப் உள்ளது) வேண்டும். போனோடு வந்த 65, 80 வாட் சார்ஜர் வீட்டில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அந்த வாட் எல்லாம் அந்தக் கம்பெனி போனுக்கும் கேபிளுக்கும் இடையிலான தனி ஒப்பந்தம்; லேப்டாப் கேட்டால் அதில் கொஞ்சம்தான் தரும், சிலது 20 வோல்ட்டே தராது.

ஏன் கம்பெனிக்கு ஒரு பின் என்று கேட்டீர்கள். வாட் எவ்வளவு என்று லேப்டாப் தெரிந்துகொள்வது நியாயமான தேவை. 130 வாட் இழுக்கும் இயந்திரத்தில் 45 வாட் அடாப்டரைச் சொருகினால் ஒன்று அது கருகும், இல்லை அணையும். ஆனால் அந்தத் தகவலை ஆளுக்கொரு பாஷையில் சொல்ல வைத்தது வியாபாரம். ஒரு ரெசிஸ்டரால் முடிந்த வேலை இது. இன்று அதே பேச்சுவார்த்தையை டைப்-சி எல்லாருக்கும் பொதுவான விதிப்படி செய்கிறது, 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 240 வாட் வரைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் போன், டேப்லெட்டுகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சியைக் கட்டாயமாக்கியது. இங்கே பிஐஎஸ் 2023இல் டைப்-சிக்கான தரநிலையை வெளியிட்டது. அடுத்த லேப்டாப் வாங்கும்போது டைப்-சியில் சார்ஜ் ஏறாத மாடலை எடுக்காதீர்கள். மற்றது எல்லாம் பிறகு.

சார்ஜர் சரியான பிறகும் அப்டேட் இழுத்தால் டிஸ்க்கைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' மேலே நிற்கிறது, பக்கத்தில் ஹெச்டிடி என்று போட்டிருக்கிறது என்றால் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அப்டேட் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை மாற்றிவைப்பது. சுழலும் டிஸ்க் நொடிக்கு நூறு சொச்சம் இடங்களைத்தான் தேடி எடுக்கும். சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க்கில், சாட்டா என்ற பழைய இணைப்பு வகைகூடப் பல்லாயிரம். நெட் வேகத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யவே முடியாது. 7 மி.மீ. தடிமன் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, பழையது இருந்த இடத்திலேயே உட்காரும். எம்.2 துளை (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கானது) காலியாக இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்; பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாறிப் போட்டால் வேலை செய்யாது.

டிஸ்க் மாற்றுமுன் ஒரு முக்கியமான வேலை. டேலி கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் அதன் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு, டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். இதை மறந்தால் புது டிஸ்க்கில் லைசென்ஸ் எழுப்ப அலைய வேண்டிவரும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட்டை எப்போது போடுவது என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரத்துக்கு அது இரவு 10.30 அல்லது 11.30. ஆக, புதன்கிழமை காலை கடையில் லேப்டாப்பைத் திறந்ததும் இறங்க ஆரம்பிக்கும். கடையிலிருக்கும் வைஃபையையோ ஹாட்ஸ்பாட்டையோ 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவுக் கட்டுப்பாடுள்ள இணைப்பு) என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. ஏலம் நடக்கும் நாளில் 'பாஸ்' (நிறுத்திவைப்பு) போட்டு ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். ஐந்து வாரம்வரை தள்ள முடியும். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் நீங்களே இறக்குங்கள். மலை ஏறி இறங்கும்போது டவர் மாறி நெட் அறுந்தாலும் பயமில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இடி இறங்கும்; கரண்ட் போய்வரும். பேட்டரி ஏறாத லேப்டாப்பில் அப்டேட்டின் நடுவே ஒரு நொடி கரண்ட் போனாலும், செய்ததையெல்லாம் திரும்ப அவிழ்க்க ஆரம்பிக்கலாம். நீங்கள் சொல்லும் 'மாலைவரை' என்பதில் பாதி இந்த அவிழ்ப்பாகவே இருக்கலாம். 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று திரையில் வந்தால் அதுதான். அப்போது பவர் பட்டனை அழுத்தாமல் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் அப்டேட் வழியாகவே சில சமயம் பயாஸ் அப்டேட்டும் வரும். பட்டியலில் 'ஃபர்ம்வேர்' என்று தெரிந்தால் அடையாளம் சரியாகக் காட்டும் சார்ஜரும், பாதிக்கு மேல் ஏறிய பேட்டரியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நடுவில் நின்றால் லேப்டாப் எழாமலே போகலாம். அதற்கு முன்பே இன்னொரு வேலை: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ என்ற 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் மாறியதும் சில லேப்டாப் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில்லை, எண்ணும் கையில் இல்லை என்றால், டிஸ்க்கில் இருப்பதை எந்தச் சர்வீஸ் கடையாலும் எடுத்துத் தர முடியாது.