ரோமானியக் குதிரை வீரர்கள் முகமூடித் தலைக்கவசத்தோடு போருக்குப் போனார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் 'ஒருபோதும் இல்லை' என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்றைய துருக்கியில் இருந்த ரோமானிய மாகாணமான கப்படோசியாவின் ஆளுநராக இருந்த அரியன், கி.பி. 136 வாக்கில் எழுதிய போர்க்கலை நூலில் இதை நேரடியாகவே விளக்குகிறார். போர்க் கவசம் தலையையும் கன்னங்களையும்தான் காக்கும். விளையாட்டுக்கான கவசமோ முகம் முழுவதையும் மூடும், கண்ணுக்கு மட்டும் திறப்பு. பதவியிலோ குதிரையேற்றத்திலோ உயர்ந்தவர்களுக்கே அது, பொன்முலாம் பூசி. மேலே மஞ்சள் குஞ்சம் வேறு; அழகைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்! இரு அணிகளாகப் பிரிந்து, இரும்பு முனையில்லாத ஈட்டிகளை எறிந்து விளையாடுவார்கள். முனை மழுங்கிய ஈட்டியும் கண்ணைக் குத்தும் என்பதால் முகமூடி வெறும் அலங்காரம் மட்டுமல்ல.

இங்கிலாந்தில் 1796-இல் ரிப்செஸ்டரிலும் 2010-இல் கிராஸ்பி காரெட்டிலும் கிடைத்த தலைக்கவசங்கள் இந்த வகைதான். பின்னது ஏலத்தில் சுமார் 23 லட்சம் பவுண்டுக்குப் போனது.

பிறகு ஏன் தயக்கம்? காரணம், ஜெர்மனியின் கால்க்ரீஸ என்ற இடம். கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாரஸின் படை அழிந்த இடமாகப் பலர் கருதும் அந்தப் போர்க்களத்திலேயே வெள்ளித் தகடு போர்த்திய இரும்பு முகமூடி ஒன்று கிடைத்தது. மூட்டையில் வந்ததா, முகத்தில் வந்ததா என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்றும் மோதுகிறார்கள்.